காசி செட்டித் தெரு: ஒரு சிறிய விளையாட்டுக் கடைக்கான முதல் கொள்முதல்

கும்பகோணத்தில் பள்ளிக்கூடங்கள் அடுத்தடுத்து இருக்கும் சாலை ஒன்றில், 180 சதுர அடி அறையை வாடகைக்கு எடுத்து, சதுரங்கம், காரம், தாயம், சீட்டு, பலகை விளையாட்டுகள் என வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடுபவற்றை மட்டும் விற்கும் கடையைத் தொடங்கத் திட்டமிட்டபோது, சரக்குக்கென்று நான் ஒதுக்க முடிந்த தொகை 3 லட்சம் ரூபாய். இந்தத் தொகைக்கு என்ன வாங்கலாம், எங்கே வாங்கலாம் என்று கேட்ட அனைவரும் ஒரே இடத்தைத்தான் சொன்னார்கள்: சென்னை பாரிமுனையில் உள்ள காசி செட்டித் தெரு. மூன்று முறை சென்று, இரண்டு முறை சரக்கு எடுத்து, ஒரு முறை வெறுங்கையுடன் திரும்பிய அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சிறிய விளையாட்டுக் கடையின் முதல் சரக்கில் மூன்றில் ஒரு பங்கை வாங்குவதற்கு இதைவிட வசதியான இடத்தை நான் பார்க்கவில்லை. முழுச் சரக்கையும் இங்கேயே வாங்க நினைப்பவருக்கோ அங்கே சொல்லப்படும் விலை பெரும் மயக்கத்தைத் தரும்.

உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை வழியே நடந்தால் தெருவை அடைந்துவிடலாம். காலை 11 மணிக்கு முன்பு போய்ப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை போகவே வேண்டாம். தெரு குறுகலானது. மீன்பாடி வண்டிகளும் (மூன்று சக்கரச் சரக்கு வண்டிகள்) தலைச்சுமைக்காரர்களும் இருசக்கர வாகனங்களும் ஒரே நேரத்தில் நகர முயலும் அந்த இடத்தில், ஒரு கடை வாசலில் நின்று நிதானமாக விலை குறித்துக்கொள்வது இயலாது. கீழ்த்தளத்தில் இருப்பவை பெரும்பாலும் மாதிரிக் கடைகள்; சரக்கு மாடியிலோ பக்கத்துச் சந்தில் இருக்கும் கிடங்கிலோ இருக்கும். பொம்மை, குடை, பரிசுப் பொருள், பை ஆகியவற்றுக்கு நடுவில்தான் விளையாட்டுப் பெட்டிகளும் கிடைக்கின்றன. ஆகவே விளையாட்டுக்கென்றே தனிக் கடை என்று தேடாமல், பொம்மைக் கடைகளில் பின்வரிசை அடுக்குகளைப் பார்த்துப் பழக வேண்டும்.

விலை சொல்லும் முறை புதியவரைக் குழப்பும். ஒரே பொருளுக்கு ஒன்று எடுத்தால் ஒரு விலை, டஜனுக்கு ஒரு விலை, பிரிக்காத கார்ட்டனுக்கு ஒரு விலை உண்டு. நான் முதலில் நுழைந்த கடையில், மடக்கும் வகைக் காந்தச் சதுரங்கத்தைக் கையில் எடுத்து ஆறு வேண்டும் என்றேன். கல்லாவில் இருந்தவர், "சார், கார்ட்டனைப் பிரிச்சா ரேட் மாறும், இருபத்துநாலா எடுத்துக்குங்க" என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. மொத்த வியாபாரம் அப்படித்தான் நடக்கும். ஆனால் என் கடைக்கு அந்தப் பொருள் மாதத்துக்கு நான்கு போனாலே பெரிது என்றால், 24 பெட்டிகள் ஆறு மாத இருப்பாகிவிடும். கார்ட்டன் விலையில் கிடைக்கும் 15 ரூபாய்ச் சலுகைக்காக ஆறு மாதம் முதலீட்டைப் பூட்டி வைப்பது லாபமா என்று தெருவில் நின்றபடி முடிவு செய்ய முடியாது. அதை வீட்டிலேயே, பொருள் பொருளாக, மாதம் எத்தனை விற்கும் என்ற ஊகத்துடன் எழுதிக்கொண்டு போயிருக்க வேண்டும். முதல் பயணத்தில் நான் வெறுங்கையுடன் திரும்பியது இந்தக் காரணத்தால்தான்.

இரண்டாம் பயணத்தில் ஒரு கார்ட்டன் சதுரங்கம் எடுத்தேன். கொள்முதல் கணக்கு எங்கே சறுக்குகிறது என்பதை அந்த ஒரு கார்ட்டனை வைத்தே விளக்கலாம். பெட்டி ஒன்று 180 ரூபாய் வீதம் 24 பெட்டிகளுக்கு 4,320 ரூபாய். இதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 216 ரூபாய். கிடங்கிலிருந்து லாரி பார்சல் அலுவலகம் வரை மீன்பாடி வண்டி வாடகையில் இந்தக் கார்ட்டனின் பங்கு 60 ரூபாய், கும்பகோணம் வரை லாரி வாடகை 220 ரூபாய், இறக்குக்கூலி 20 ரூபாய். ஆக மொத்தம் 4,836 ரூபாய். அதாவது ஒரு பெட்டிக்கு 201 ரூபாய் 50 காசு. கார்ட்டனைப் பிரித்தபோது ஒரு பெட்டியில் கறுப்புக் குதிரை ஒன்று இல்லை. 31 காய்களுடன் ஒரு சதுரங்கத்தை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால், விற்கத்தக்கவை 23 பெட்டிகள்தாம். அப்படிப் பார்த்தால் ஒரு பெட்டியின் அடக்கவிலை 210 ரூபாய். தெருவில் கேட்ட 180 ரூபாய்க்கும் என் அலமாரியில் வந்து உட்கார்ந்த 210 ரூபாய்க்கும் இடையே 30 ரூபாய் வித்தியாசம். இதை 260 ரூபாய்க்கு விற்றால் 80 ரூபாய் நிற்கும் என்று தெருவில் கணக்குப் போட்டிருந்தேன். உண்மையில் நிற்பது 50 ரூபாய். கடை வாடகையும் மின்கட்டணமும் அந்த ஐம்பதிலிருந்துதான் போக வேண்டும்.

அந்த ஒரு பெட்டி வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன் காய்களை உதிரியாக வைத்திருக்கிறேன். ராணி தொலைந்துபோன வீடுகள் ஊரில் நிறைய இருக்கின்றன.

வரியைச் செலவில் சேர்த்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருக்கும் சரக்கு வியாபாரிக்குத் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை என்பதால் நான் இப்போதைக்குப் பதிவு செய்யவில்லை. அதனால் கொள்முதலில் கட்டும் வரி எனக்குத் திரும்பி வராது. முறையாகப் பதிவு செய்துகொண்டவர், கொள்முதலில் கட்டிய இந்த உள்ளீட்டு வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் இணக்கமுறைத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு அந்த உரிமை இல்லை. எனவே இந்த மூன்று பேரில், வரியைக் கழித்துக்கொள்பவருக்கு மட்டும் அதே பெட்டியின் அடக்கவிலை குறைவாக இருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீட்டு, சதுரங்கப் பலகை, காரம் பலகை, மற்றப் பலகை விளையாட்டுகள், மின்னணு அல்லாத பொம்மைகள் ஆகியவற்றின் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலை நம்பிக் கணக்கிடுபவரும், வரி சேர்த்துச் சொன்ன விலையை வரி இல்லாத விலை என்று எண்ணிக்கொள்பவரும் கணக்கில் தவறு செய்வார்கள். ஒவ்வொரு விலையைக் கேட்கும்போதும் வரியுடனா, வரி இல்லாமலா என்று கேட்டு அருகிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

பில் விஷயத்தில் தெருவின் குணம் கடைக்குக் கடை மாறுகிறது. சில கடைகள் கேட்காமலேயே முறையான வரி பில் தருகின்றன. வேறு சில இடங்களில் கடையின் பெயர்கூட இல்லாத எஸ்டிமேட் சீட்டு ஒன்றில் எண்ணிக்கையையும் தொகையையும் கிறுக்கித் தந்து, பில் வேண்டுமானால் வரி தனி என்கிறார்கள். 5 சதவீதம் மிச்சமாகிறதே என்று புதியவருக்குச் சபலம் வரும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு குறையுள்ள பெட்டியைத் திருப்பித் தர முடியாது. வழியில் வரித்துறையினர் லாரியை நிறுத்திக் கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. வங்கியிலும் அது செல்லாது. நான் சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவில் கடனுக்கு விண்ணப்பித்திருந்தேன். 50 ஆயிரத்துக்கு மேல் 5 லட்சம் வரையிலான கடன்கள் இந்தப் பிரிவில் வரும். வங்கி மேலாளர் முதலில் கேட்டது சரக்குக்கான விலைப்புள்ளியைத்தான். கடையின் பெயர், வரிப் பதிவு எண், பொருள்வாரி விலை ஆகியவற்றுடன் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரும் கடையைத் தேட எனக்கு ஒரு முழுப் பிற்பகல் ஆயிற்று. ஐந்தாவது கடையில் ஒரு பெரியவர், அன்று ஒரு பொருளும் வாங்காத எனக்கு, பொறுமையாக உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதித் தந்தார். பின்னர் இந்தத் தெருவில் நான் செய்த கொள்முதலில் பாதிக்கு மேல் அவரிடமே போனது. விலையில் அவர் மற்றவர்களைவிட இரண்டு, மூன்று ரூபாய் கூடத்தான்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அடக்கவிலையின் பகுதியாகவே நான் பார்க்கிறேன். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். முத்திரை இல்லாததை விற்பவரும் சட்டத்தின் முன் பொறுப்பாளியே. தெருவில் முத்திரை உள்ளதும் இல்லாததும் அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தேன்; இல்லாதவை கணிசமாக மலிவு. அந்த மலிவு விலையை வைத்து ஒருவர் தம் சரக்குச் செலவை மதிப்பிட்டால், அந்த மதிப்பீடு ஒரே ஒரு சோதனையில் பூஜ்யமாகிவிடும். இறக்குமதிப் பொம்மைகளின் சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்த பிறகு, உள்நாட்டில் செய்யப்பட்டு முத்திரையுடன் வரும் பெட்டிகள் அடுக்குகளில் நிறையவே தென்படுகின்றன என்பதால் தேடி எடுப்பது கடினமும் அல்ல.

இனி பொருள்களைப் பற்றி. சதுரங்கத்துக்குத் தமிழ்நாட்டில் இன்று இருக்கும் தேவையை விளக்க வேண்டியதில்லை. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது ஒலிம்பியாட் நடந்தது; 2024 டிசம்பரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார்; சிறிய ஊர்களிலும் பயிற்சி வகுப்புகள் பெருகிவிட்டன. ஆனால் அந்த வகுப்புகளுக்குப் போகும் பிள்ளைக்குத் தேவைப்படும் சதுரங்கம் வேறு, காசி செட்டித் தெருவில் குவிந்திருக்கும் சதுரங்கம் வேறு. போட்டிக் காய்களில் ராஜாவின் உயரம் சுமார் 9.5 சென்டிமீட்டர், கட்டம் 5 முதல் 6 சென்டிமீட்டர் வரை இருக்கும், காயின் அடியில் எடை வைத்திருப்பார்கள், பலகை சுருட்டி எடுத்துச் செல்லத்தக்கதாக இருக்கும். தெருவில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை உள்ளங்கை அளவுக் காந்தக் காய்களும், விரல் பட்டாலே சாயும் வெற்றுப் பிளாஸ்டிக் காய்களும்தாம். ரயில் பயணத்துக்கும் பிறந்தநாள் பரிசுக்கும் அவை போதும். ஒரு பயிற்சியாளர் தம் மாணவர்களை என் கடைக்கு அனுப்பி, அங்கே பரிசுப்பொருள் சதுரங்கம் மட்டும் இருந்தால், அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். ஆகவே போட்டித் தரச் சதுரங்கத்தையும் கடிகாரத்தையும் விளையாட்டுக் கருவிகள் விற்கும் வேறொரு மொத்த வியாபாரியிடம் வாங்கினேன். அங்கே ஒரு செட்டின் விலை மூன்று மடங்குக்கும் மேல். முதல் மதிப்பீட்டில் இரண்டையும் "சதுரங்கம்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தது என் பிழை.

காரம் பலகையைப் பொறுத்தவரை தெருவுக்கு நான் மதிப்பெண் தரவில்லை. சிறுவர்களுக்கான சிறிய பலகைகள் கிடைக்கின்றன. ஆடுகளம் 74 சென்டிமீட்டர் சதுரமாக உள்ள முழு அளவுப் பலகையை இங்கிருந்து அனுப்புவது கட்டுப்படியாகவில்லை. சட்டத்துடன் சேர்த்தால் ஏறக்குறைய மூன்று அடி அகலம் வரும் அந்தப் பலகைக்கு லாரிக்காரர்கள் எடையைப் பார்க்காமல் அடைக்கும் இடத்தைப் பார்த்து வாடகை சொல்கிறார்கள். மூலை நசுங்கினால் அத்துடன் அதன் விலையும் நசுங்கும். இவற்றை டெல்டா மாவட்டங்களுக்கு வண்டி அனுப்பும் முகவரிடம் நான்கு மட்டும் எடுத்தேன். காய்கள், ஸ்டிரைக்கர், பவுடர் ஆகியவற்றுக்கோ காசி செட்டித் தெருவே சரியான இடம். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு என 19 காய்கள் கொண்ட பெட்டிகள் டஜன் கணக்கில் கிடைக்கும், எடை குறைவு, உடையாது, பலகை வைத்திருக்கும் வீடுகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது தேவைப்படும். வாங்கும் முன் ஒரு பெட்டியைப் பிரித்து, காய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கச் சொல்வேன். காய் 3.02 முதல் 3.18 சென்டிமீட்டர் விட்டத்துக்குள் இருக்க வேண்டும். மட்டமான பெட்டியில் ஒரே அடுக்கிலேயே விளிம்புகள் ஒட்டாமல் நிற்கும்.

பலகை விளையாட்டுப் பெட்டிகளில் பெயர் பெற்றவற்றைத் தெருவில் தேடுவது வீண் என்றே சொல்வேன். புகழ்பெற்ற ஒரு விளையாட்டின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, அதே நிறத்தில் அச்சடித்த பெட்டிகள் நிறைய உண்டு. உள்ளே இருக்கும் சீட்டுகளில் எழுத்துப் பிழைகள். பகடைகளில் சில ஆறு பக்கமும் சமமாக இல்லை. சொந்தப் பெயர் கொண்ட நிறுவனங்களின் சரக்கை அவற்றின் முகவரிடம்தான் வாங்க வேண்டும். அங்கே கணக்கின் அடிப்படையே வேறு. தெருவில் அடக்கவிலைக்கு மேல் லாபம் வைத்துக் கணக்கிடுகிறோம். முகவரிடமோ அதிகபட்சச் சில்லறை விலையிலிருந்து கழிவு சொல்கிறார்கள். 500 ரூபாய் அச்சிட்ட பெட்டிக்கு 40 சதவீதக் கழிவு என்றால் 300 ரூபாய். வரி தனி என்றால் 315. அச்சிட்ட விலையில் எல்லா வரிகளும் அடக்கம் என்பதால் அதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்க முடியாது. அதே பெட்டி இணையத்தில் 10 சதவீதம் குறைவாகக் கிடைப்பதைப் பார்த்துவிட்டு வரும் வாடிக்கையாளருக்கு 450க்குக் கொடுத்தால், மிஞ்சுவது 135 ரூபாய். "நாற்பது சதவீதம்" என்று காதில் விழுந்த லாபம் இப்படி 30 சதவீதமாக இறங்கும் என்று முதலிலேயே எழுதிக்கொண்டால் பின்னர் வருத்தம் இல்லை.

தாயக்கட்டை, சோழி, மடக்கும் பல்லாங்குழி, பரமபதத் தாள் ஆகியவை தெருவில் ஓரிரு கடைகளில் இருந்தன. சோழி மட்டும் எடுத்தேன். மரப் பல்லாங்குழியில் 14 குழிகளும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும் என்று என் அத்தை பிடிவாதமாக இருப்பார். அந்தக் கண்ணுடன் பார்த்ததில் ஒன்றும் தேறவில்லை.

என் 3 லட்சம் இறுதியில் இப்படிப் பிரிந்தது. காசி செட்டித் தெருவில் 95 ஆயிரம், போட்டிச் சதுரங்கத்துக்கும் காரம் பலகைக்கும் 80 ஆயிரம், பலகை விளையாட்டு நிறுவனங்களின் முகவரிடம் 55 ஆயிரம். மீதி 70 ஆயிரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். இந்த எழுபதாயிரத்தை வைத்துக்கொள்வதற்குத்தான் அதிக மன உறுதி தேவைப்பட்டது. அலமாரி காலியாகத் தெரியும்போது அதை நிரப்பத்தான் கை போகும்; நிரப்பிவிட்டால், இரண்டாம் வாரமே தீர்ந்துபோகும் சீட்டுக்கட்டையும் காரம் காயையும் மறுபடி வாங்கப் பணம் இருக்காது; தீராத பெட்டிகள் மட்டும் தூசி படிந்து நிற்கும். ஓடும் சரக்கு எது, தேங்கும் சரக்கு எது என்று முதல் மாதத்துக்கு முன்பு எவராலும் சொல்ல முடியாது என்பதால், வகைகளை அதிகமாகவும் ஒவ்வொன்றின் எண்ணிக்கையைக் குறைவாகவும் வைத்தேன். அறுபது வகைகளில் தலா மூன்று, சராசரி அடக்கவிலை 250 ரூபாய் என்றால் 45 ஆயிரம் ரூபாய்தான் ஆகிறது. அதே வகைகளைத் தலா ஒரு டஜன் எடுத்திருந்தால் 1 லட்சத்து 80 ஆயிரம் ஆகியிருக்கும். மூன்று மூன்றாகத் தர மறுக்கும் கடைகளும் இந்தத் தெருவில் உண்டு. கலந்து எடுத்தால் ஒரே கார்ட்டனில் நான்கு வகை போட்டுத் தரும் கடைகளும் உண்டு. இரண்டாம் வகைக் கடைகளைக் கண்டுபிடித்ததே மூன்று பயணங்களில் எனக்குக் கிடைத்த பெரிய ஆதாயம்.

சேவையைப் பொறுத்தவரை குறைகளும் இருக்கின்றன. பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு கடையிலிருந்து வந்த பாம்பும் ஏணியும் பெட்டிகளில் பன்னிரண்டுக்கு ஐந்தில் பகடையே இல்லை. தொலைபேசியில் சொன்னபோது, கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகப் பதில் வந்தது. சுமார் 300 கிலோமீட்டர் தூரத்துக்கு ஐந்து பகடைக்காக யார் போவார்கள்? உதிரிப் பகடை ஒரு பொட்டலம் வாங்கிச் சமாளித்தேன். அன்று முதல் ஒவ்வொரு கார்ட்டனிலும் மேலே ஒன்றையும் அடியில் ஒன்றையும் அங்கேயே பிரித்துக் காட்டச் சொல்கிறேன். முகம் சுளிப்பவர்கள் உண்டு; சுளிக்காத கடைகளில் மட்டும் வாங்குகிறேன்.

முதல் முறை நேரில் போய் அறிமுகமாகிவிட்டால், அடுத்த முறை வாட்ஸ்ஆப்பில் படத்துடன் பட்டியல் அனுப்பிப் பணத்தைச் செலுத்தினால் போதும். வால்டாக்ஸ் சாலைப் பக்கத்து லாரி அலுவலகம் ஒன்றில் போட்டு விடுகிறார்கள், மூன்றாம் நாள் பார்சல் இங்கே வந்துவிடுகிறது, வாடகையை இறக்கும்போது கட்டிக்கொள்ளலாம். முழுப் பரீட்சை விடுமுறைக்காக அதே காந்தச் சதுரங்கத்தை மீண்டும் கேட்டேன். 180 ரூபாய் இப்போது 186 ஆகியிருந்தது. கணக்குப் புத்தகத்தில் 210 என்று இருந்த அடக்கவிலையை 217 என்று திருத்திவிட்டு, ஒரு கார்ட்டன் அனுப்பச் சொன்னேன்.